மோட்டார் வழி ஃப்ளைவீல் பயிற்சி: முதல் மூன்று வாரங்களுக்கான வழிகாட்டி

ஃப்ளைவீல் முறையில், அதாவது சுழலும் கனமான சக்கரம் ஒன்று கயிற்றின் வழியே எதிர்ப்புத் தரும் முறையில், இயங்கும் மோட்டார் கருவியின் முன் முதன்முறை நிற்பவர்களில் பெரும்பாலோர், "எத்தனை கிலோ வைக்கட்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். பளு தூக்கிப் பழகியவருக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் இந்த முறையில் கிலோ என்று ஒன்றை வைப்பதே இல்லை. கயிற்றை மெதுவாக இழுத்தால் அது வெறும் கயிறாகவே வருகிறது. விசையோடு இழுத்தால் கனக்கிறது. இழுத்து முடித்த கணத்தில், நீங்கள் அதற்குள் செலுத்திய ஆற்றலை எடுத்துக்கொண்டு உங்களைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்குகிறது. அந்தத் திரும்பும் இழுப்பை எங்கே, எப்படித் தாங்கி நிறுத்துவது என்று கற்றுக்கொள்வதே இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி. மோட்டார் கருவியில் அந்த இழுப்பின் அளவை மென்பொருள் முடிவு செய்கிறது என்பதால், எந்த எண் எதை மாற்றுகிறது என்று தெரியாமல் திரையில் எதையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சக்கரம் செய்யும் வேலை

உண்மையான ஃப்ளைவீல் கருவியின் அமைப்பு மிக எளிது. ஒரு தண்டு, அதில் பொருத்திய கனமான வட்டத் தகடு, தண்டில் சுற்றிய பட்டை ஆகிய மூன்றும்தான் அதன் உயிர். பட்டையின் மறுமுனை இடுப்பில் கட்டிய ஹார்னஸ் என்ற கச்சையிலோ கைப்பிடியிலோ இருக்கும். குந்திய நிலையிலிருந்து எழும்போது பட்டை பிரிய, சக்கரம் வேகமெடுக்கிறது. முழுவதும் எழுந்ததும் பட்டை தீர்ந்துவிடுகிறது, சக்கரமோ நிற்பதில்லை. அதே திசையில் சுழன்றபடி பட்டையை மறுபுறமாகச் சுற்றிக்கொண்டு உங்களைக் கீழே இழுக்கிறது. யோ-யோ கயிற்றின் அடியைத் தொட்டதும் மேலேறி வருவது இதே காரணத்தால்தான்.

சக்கரத்தின் நிலைமத்தை, அதாவது வேகம் மாறுவதை எதிர்க்கும் அதன் தன்மையை, கொண்டு தசையின் வேலையை அளப்பது பழைய வழி, ஏ. வி. ஹில் 1922-இல் வெளியிட்ட ஆய்வில் கைத்தசைகளின் வேலையை அப்படித்தான் அளந்தார். அதைப் பயிற்சிக் கருவியாக ஆக்கியவர்கள் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கும் பெர் டெஷும். விண்வெளியில் இரும்புத் தட்டுக்கு எடை இல்லை, ஆனால் சக்கரத்துக்கு நிலைமம் அப்படியே இருக்கிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு, புவியீர்ப்பைச் சாராத அந்தக் கருவியை அவர்கள் 1994-இல் விவரித்து எழுதினார்கள். நிலவுப் பயணத்துக்கான ஓரியன் கலத்தில் நாசா வைத்திருக்கும் உடற்பயிற்சிக் கருவியும் இதே இனத்தைச் சேர்ந்தது. சுமார் 30 பவுண்டு எடையுள்ள அந்தச் சிறு பெட்டி 400 பவுண்டு வரை எதிர்ப்புத் தரக்கூடியது.

தரையில் இதன் மதிப்பைக் காட்டிய ஆய்வுகளில் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஸ்வீடனின் முன்னணிக் கால்பந்து ஆட்டக்காரர்கள் 30 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பருவம் தொடங்குமுன் 10 வாரங்களில் 16 முறை, ஃப்ளைவீல் கருவியில் தொடைப் பின்தசைப் பயிற்சி கொடுத்தார்கள். 2003-இல் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்ற 15 பேரில் 3 பேருக்கும் பெறாத 15 பேரில் 10 பேருக்கும் அந்தத் தசையில் காயம் ஏற்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நீளும் தசையைத் தாங்கப் பழக்குவதன் பயன் அதில் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு கணக்கை மட்டும் பொறுமையாகப் பார்த்துவிடுங்கள்

சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனைத் தண்டின் ஆரத்தின் இருமடியால் வகுத்தால், கயிற்றின் முனையில் அது எத்தனை கிலோ நிறை போல நடந்துகொள்ளும் என்பது கிடைக்கும். 0.05 கிலோகிராம் சதுரமீட்டர் நிலைமம் கொண்ட சக்கரமும் 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள தண்டும் என்றால், 0.05-ஐ 0.0004-ஆல் வகுக்க 125 கிலோ வருகிறது. இது தலைக்கு மேல் தூக்கிய 125 கிலோ போன்றது அன்று. உராய்வில்லாத தண்டவாளத்தில் நிற்கும் 125 கிலோ தள்ளுவண்டியைப் போன்றது. தொடாவிட்டால் அது உங்களை ஒன்றும் செய்யாது. தள்ளி ஓடவிட்டால் அதை நிறுத்துவதும் உங்கள் பொறுப்பு.

அந்த வண்டியை அரை மீட்டர் தூரத்துக்குள் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 62.5 ஜூல் ஆற்றல் வேண்டும். சராசரி விசை 125 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 13 கிலோ எடையைத் தாங்கும் விசை. திரும்பி வரும்போது அதே அரை மீட்டர் முழுவதிலும் சீராகத் தடுத்தால் அதே 125 நியூட்டன் போதும். ஆனால் முதல் 35 சென்டிமீட்டர் தூரம் சக்கரத்தோடு இணங்கிப் போய், கடைசி 15 சென்டிமீட்டரில் மட்டும் தடுத்து நிறுத்தினால், அதே 62.5 ஜூலை உள்வாங்க சராசரியாக 417 நியூட்டன், அதாவது 42 கிலோவுக்கு மேல் தேவைப்படுகிறது. ஆற்றல் கூடவில்லை, தூரம் குறைந்ததால் விசை மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. தசை நீளும் கட்டத்தில் கூடுதல் சுமை என்று இந்தத் துறையினர் சொல்வது இதைத்தான்.

மோட்டார் இதை எப்படி நடிக்கிறது

மோட்டார் கருவிக்குள் தகடு எதுவும் இருக்க வேண்டியதில்லை. கயிறு சுற்றிய உருளை, அதை இயக்கும் மோட்டார், உருளையின் நிலையைச் சொல்லும் உணரி, நல்ல கருவியாக இருந்தால் கயிற்றின் இழுவிசையை நேரடியாக அளக்கும் மற்றோர் உணரி ஆகியவை இருக்கும். இழுவிசையை விநாடிக்குச் சில நூறு முறையோ அதற்கு மேலோ அளந்து, இவ்வளவு விசைக்கு உண்மையான சக்கரம் ஒன்று இருந்திருந்தால் இந்தக் கணத்தில் எவ்வளவு வேகத்தில் சுழன்றிருக்கும் என்று கணினி கணக்கிடுகிறது; மோட்டாரை அந்த வேகத்திலேயே ஓடவைக்கிறது. விசையை அளக்காமல், கயிறு நகரும் விதத்தை மட்டும் பார்த்து முடுக்கத்தைக் கணக்கிடும் கருவிகளில் சிறு நடுக்கங்களும் முடுக்கமாகத் தோன்றிவிடுவதால், கையில் ஒருவித அதிர்வு தெரியும். வாங்குமுன் கயிற்றை விரல் நுனியால் மிக மெதுவாக இழுத்துப் பார்த்தாலே அந்த அதிர்வைக் கண்டுகொள்ளலாம்.

பட்டை தீர்ந்து திசை மாறும் அந்தக் கணம்கூட இங்கே கணக்குதான். கயிறு நீங்கள் குறித்துவைத்த எல்லையை எட்டியதும், மென்பொருள் சக்கரத்தின் வேகத்தை அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்புகிறது. உண்மையான சக்கரம், உராய்வில் இழந்தது போக மீதியைத்தான் திருப்பித் தரும். மோட்டாரோ மின்சாரத்தைச் செலவழித்து, நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகவும் தர முடியும். நியூசிலாந்தின் எக்ஸர்ஃப்ளை போன்ற நிறுவனங்கள் உண்மையான சக்கரத்தோடு மோட்டாரைச் சேர்ப்பதும் இதற்காகவே. மோட்டார் வழியின் மிகப் பெரிய பயனும் மிகப் பெரிய அபாயமும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கின்றன.

திரும்பும் அளவு 120 சதவீதம் என்று திரையில் இருந்தால், எதன் 120 சதவீதம் என்று கையேட்டில் தேடிப் பாருங்கள். ஆற்றலின் 120 சதவீதம் என்றால் மேலே சொன்ன 62.5 ஜூல் 75 ஆகும். வேகத்தின் 120 சதவீதம் என்றால், ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது 90 ஜூல் ஆகிவிடும். கடைசி 15 சென்டிமீட்டரில் நிறுத்த 600 நியூட்டன், அதாவது 61 கிலோ அளவுக்கு விசை வேண்டியிருக்கும். ஒரே எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், கையேட்டில் தெளிவில்லாத கருவியில் 100-ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

முதல் படி: கருவியில் இந்த முறை உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்

கயிறும் மோட்டாரும் கொண்ட கருவிகள் பலவற்றில் 'எக்சென்ட்ரிக்' (தசை நீளும் கட்டம்) என்ற பெயரில் ஒரு முறை இருக்கும். டோனல் என்ற வீட்டு உடற்பயிற்சிக் கருவியில் இருப்பதைப் போல, அது பெரும்பாலும் இறக்கும்போது மட்டும் எடையைக் கூட்டித் தரும் முறை. பயனுள்ளதுதான், ஆனால் ஃப்ளைவீல் அன்று. வேறுபாட்டை அறிய எளிய வழி உண்டு. மிதமாக இழுத்து, திரும்பி வரும் வழியில் பாதியில் நிறுத்தி அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எடை முறையில் கயிறு தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஃப்ளைவீல் முறையில், நீங்கள் நிறுத்திய கணத்தில் சக்கரமும் நின்றுவிட்டதால், கயிற்றைத் தொய்யாமல் வைத்திருக்கும் சிறு இழுப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது.

அதோடு மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். கருவியின் உச்ச விசை எவ்வளவு என்பது முதலாவது. கைப் பயிற்சிகளுக்கு 90 கிலோ உச்சமுள்ள கருவி தாராளம். வலுவான ஒருவர் குந்தி எழும் ஸ்குவாட்டின் அடியில் தடுத்து நிறுத்தும்போது அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடலாம், தொட்ட கணத்தில் மோட்டார் அதற்கு மேல் தர முடியாமல் சக்கரம் வழுக்குவது போன்ற உணர்வு வரும். மின்சாரம் போனால் கயிறு என்ன ஆகும் என்பது இரண்டாவது. சக்கரத்துக்கு மின்சாரம் வேண்டாம், மோட்டாருக்கு வேண்டும். முழு விசையில் எழுந்துகொண்டிருக்கும்போது எதிர்ப்பு சட்டென்று மறைந்தால் நிலை தடுமாறிப் பின்னால் விழ வாய்ப்புண்டு. மின்வெட்டு வழக்கமாக வரும் இடத்தில், பேட்டரி உள்ள கருவியையோ, மின்சாரம் நின்றால் படிப்படியாகத் தளரும் அமைப்புள்ள கருவியையோ தேர்ந்தெடுங்கள். உடனே நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது. அது கைப்பிடியிலோ எட்டும் தூரத்திலோ இருக்க வேண்டும். கைபேசிச் செயலிக்குள் மட்டும் இருப்பது போதாது.

இரண்டாம் படி: யார் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும்

கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, முழங்காலிலோ முதுகிலோ தொடரும் வலி, கருவுற்றிருத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பார்த்த பிறகே தொடங்குங்கள். பளுவைக் கீழே வைத்துவிட்டு விலகுவது போல இதில் நடுவே விலகிவிட முடியாது.

மூன்றாம் படி: எல்லையைக் குறியுங்கள்

என் அனுபவத்தில், தொடக்கத் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கின்றன. ஹார்னஸை இடுப்பெலும்பின் மேல் அழுத்தமாகக் கட்டி, காலணியின் குதிகால், கருவியில் நிற்பதற்கான பலகையின் மேல் முழுவதும் படிய நின்று, விசையே இல்லாமல் மூன்று நான்கு முறை குந்தி எழுங்கள். நீங்கள் முழுவதும் நிமிர்ந்த நிலையைக் கருவி மேல் எல்லையாகப் பதிந்துகொள்ள வேண்டும். அந்த எல்லை உங்கள் உயரத்தைவிட அதிகமாகப் பதிந்துவிட்டால், நீங்கள் நிமிர்ந்து முடித்த பிறகும் மென்பொருள் திசையை மாற்றாமல் காத்திருக்கும். எதிர்பாராத நேரத்தில் இழுப்பு வரும். குறைவாகப் பதிந்தால், முழங்கால் இன்னும் மடங்கியிருக்கும்போதே கயிறு உங்களைக் கீழே பிடித்து இழுக்கும். ஒரே கருவியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில், ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் இதைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும்.

நான்காம் படி: முதல் நாள்

கருவி காட்டும் நிலைமங்களில் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். திரும்பும் அளவை 80 சதவீதத்தில் வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் 100-இல் இருக்கட்டும். ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு முறை மென்மையாக எழுங்கள். சக்கரத்துக்கு வேகம் கொடுப்பதற்கான முறைகள் இவை, கணக்கில் சேராதவை. மூன்றாம் முறையிலிருந்து உண்மையான விசை. ஆனால் முதல் நாள், உங்களால் முடிந்ததில் பாதி என்று தோன்றும் அளவிலேயே எழுங்கள். மேலே வந்ததும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், கயிறு இழுக்கும் வேகத்திலேயே கீழே செல்லுங்கள். தொடை தரைக்கு இணையாக வருவதற்கு முந்தைய கடைசி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், குதிகாலைப் பலகையில் அழுத்தி, சக்கரத்தை நிறுத்துங்கள். நின்ற இடத்திலிருந்து உடனே அடுத்த எழுச்சி. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். கீழே நிறுத்தும்போது மூச்சை அடக்கிக்கொள்ளாதீர்கள்.

நான் பயிற்றுவித்த ஒரு வாலிபால் ஆட்டக்காரர், பளுவோடு ஸ்குவாட் செய்வதில் தேர்ந்தவர், முதல் இரண்டு முறை எழுந்துவிட்டு, "சார், இதுல வெயிட்டே இல்லையே" என்றார். மூன்றாவது முறை முழு விசையில் எழுந்தார். திரும்பும்போது கயிறு அவருடைய இடுப்பைப் பிடித்து இழுத்தது. அவர் தடுக்கத் தொடங்குமுன்பே தொடைகள் தரைக்கு இணையான நிலையைத் தாண்டிவிட்டன, குதிகால்கள் பலகையிலிருந்து இரண்டு விரற்கடை எழும்பிவிட்டன, கைகள் தாமாக முன்னால் நீண்டு பிடிமானம் தேடின. நிறுத்து பொத்தானை நான் அழுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த செட்டில் அவர் நேர்மாறான தவறைச் செய்தார்: மேலே திரும்பிய கணத்திலிருந்தே இறுக்கித் தடுத்துக்கொண்டு மெல்ல இறங்கினார். அது ஆபத்தில்லாதது, ஆனால் மேலே பார்த்த கணக்கின்படி, முழுத் தூரத்திலும் பரவிவிட்டதால் விசை எங்குமே கூடவில்லை. குதிகால் எழும்புவதும் முழுவழி இறுக்கமும் ஆகிய இரண்டையும் தாண்டிச் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று நாள் பயிற்சி ஆனது. பெரும்பாலோருக்கு அவ்வளவு ஆகும். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

முதல் நாளுக்கு ஏழு முறை கொண்ட இரண்டு செட் போதும். நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. களைப்பே இல்லை என்று தோன்றினாலும் அத்தோடு நிறுத்துங்கள். தசை நீளும்போது சுமை தாங்குவதால் வரும் வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்தை எட்டும். ஒருமுறை அந்தச் சுமையைச் சந்தித்த தசை அடுத்த முறை குறைவாகவே வலிக்கும் என்பதால், முதல் நாள் காட்டும் அடக்கத்தின் பலன் இரண்டாம் வாரத்தில் கிடைக்கும். வலி மிகக் கடுமையாகி, தசை வீங்கி, சிறுநீர் கட்டஞ்சாயாவின் (பால் கலக்காத தேநீரின்) நிறத்தில் போனால், தசை சிதைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டாம், மூன்றாம் வாரங்கள்

வாரத்துக்கு இரண்டு நாள், இடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. இரண்டாம் வாரத்தில் மூன்று செட், மூன்றாம் வாரத்தில் ஏழு முறை கொண்ட நான்கு செட். இந்த நான்குக்கு ஏழு என்பது ஸ்வீடன் ஆய்வாளர்களின் காலத்திலிருந்து வழங்கிவரும் அளவு. எழும் விசையை ஒவ்வொரு நாளும் சிறிது கூட்டி, மூன்றாம் வாரத்தில் முழு விசைக்கு வாருங்கள். விசை கூடுவதே சுமை கூடுவதாகும்: விநாடிக்கு 1 மீட்டருக்குப் பதில் 1.5 மீட்டர் வேகத்தில் எழுந்தால், அதே சக்கரத்தில் ஆற்றல் இரண்டே கால் மடங்கு ஆகிவிடுகிறது. ஆகவே நிலைமத்தை உயர்த்த அவசரம் வேண்டாம். குறைந்த நிலைமத்தில் வேகம் அதிகம், இழுப்பு சட்டென்று திரும்பும். கூடிய நிலைமத்தில் அசைவு மெதுவாகி, விசை நீண்ட நேரம் நிலைக்கும். முழு விசையில் எழுந்தும் ஏழு முறையும் அதே இடத்தில் நிறுத்த முடிகிறது என்றால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். ஒரே நாளில் நிலைமத்தையும் திரும்பும் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டாம். 100-க்கு மேற்பட்ட திரும்பும் அளவுக்கு இந்த மூன்று வாரங்களில் இடமே இல்லை.

திரை பல எண்களைக் காட்டும். புதியவர் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: எழும்போதைய உச்ச விசை, இறங்கும்போதைய உச்ச விசை. இரண்டாவது முதலாவதைவிடக் கூடுதலாக இருந்தால், நீங்கள் சரியான இடத்தில் தடுக்கிறீர்கள். ஒரு செட்டின் கடைசி முறைகளில் எழும் திறன் தொடக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அந்தச் செட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்பது நான் பின்பற்றும் அளவு. வெவ்வேறு நிறுவனக் கருவிகளின் எண்களை ஒப்பிடாதீர்கள்; சிலர் நிலைமத்தைக் கிலோகிராம் சதுரமீட்டரில் தருகிறார்கள், சிலர் இணையான நிறையாகக் கிலோவில் தருகிறார்கள், சிலர் வெறும் படிநிலைகளாகத் தருகிறார்கள்.

ஸ்குவாட் கைவந்த பிறகு, அமர்ந்து இழுக்கும் ரோ, கால்களை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் டெட்லிஃப்ட் ஆகியவற்றைச் சேருங்கள். டெட்லிஃப்டில் முதுகு வளையுமுன் நிறுத்த வேண்டும் என்பதால், அதற்குத் தனியாக எல்லையைக் குறித்து, மறுபடி குறைந்த நிலைமத்திலிருந்தே தொடங்குங்கள்.

ஆறாம் படி: சக்கரத்தை நிறுத்துவது

செட்டின் கடைசி முறை முடிந்ததும் கைப்பிடியை விட்டுவிடுவதும், மேலே நின்றபடி கொக்கியைக் கழற்ற முயல்வதும் புதியவர்கள் செய்யும் தவறுகள். கயிறு இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசி இறக்கத்தில் மேலிருந்தே தடுக்கத் தொடங்கி, முழுத் தூரத்திலும் சீராகப் பிடித்து, அடியில் சக்கரத்தை முற்றிலும் நிறுத்துங்கள். அங்கேயே இரண்டு நொடி இருந்து, கயிற்றில் இழுப்பு இல்லை என்பதை இடுப்பில் உணர்ந்த பிறகு, நிறுத்து பொத்தானை அழுத்துங்கள். திரையில் முறை அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு மெல்ல எழுந்து, ஹார்னஸின் கொக்கியைக் கழற்றி, கயிற்றைக் கையால் பிடித்தபடியே உள்ளே சுருளவிடுங்கள்.